கூண்டுக்குப் போன குமாஸ்தா

பள்ளி நாடகத்தில் அவளுக்கு நீதிமன்றக் குமாஸ்தா வேஷம். நீதிபதியின் மேசையை ஒட்டி ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து எழுதுவதுபோல் பாவனை செய்யவேண்டும். மூன்றாம் காட்சியில் மட்டும் எழுந்துபோய், மேடையின் மறுகோடியில் இருக்கும் சாட்சிக் கூண்டில் ஏறி, நீதிபதி மூடி மறைத்த விஷயத்தைப் போட்டு உடைக்கவேண்டும். அந்த ஒரு பக்க வசனத்துக்காகத்தான் மீதி நேரமெல்லாம் வாய்மூடிக் கிடக்கச் சம்மதித்திருந்தாள்.

வாய் மூடித்தான் கிடந்ததா என்றால், அதுதான் இல்லை. நீதிபதியாக வந்தவனுக்கு உயரம் இருந்தது, கணீரென்ற குரல் இருந்தது, கறுப்பு அங்கி அளவெடுத்ததுபோல் பொருந்தியது. வசனம் மட்டும் மண்டையில் ஏறவில்லை. "ரெண்டு வாரம் கழிச்சு வசனத்தாள் ஒருத்தர் கையிலயும் இருக்கக் கூடாது" என்று நாடக ஆசிரியர் முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார். அவன் கையில் இல்லைதான். குமாஸ்தாவின் வாயில் இருந்தது. அவள் குனிந்த தலை நிமிராமல் அடியெடுத்துக் கொடுப்பாள், அவன் முழங்குவான். "என்ன ஞாபகசக்திடா உனக்கு!" என்று ஆசிரியர் பூரித்துப் போவார். சரக்கு அவளுடையது, கல்லாவில் உட்கார்ந்திருந்தவன் அவன்.

மூன்றாம் காட்சியில் வியாபாரம் படுத்துவிடும். அவள் கூண்டுக்குப் போய்விடுவாள். அங்கிருந்து முணுமுணுத்தால் கடைசி வரிசைவரை கேட்கும். கேள்வி கேட்கவேண்டிய நீதிபதி விட்டத்தைப் பார்ப்பான், இருமுவான், மூக்கைச் சொறிவான்.

"மத்த காட்சியெல்லாம் குதிரை மாதிரி ஓடுது. இது ஒண்ணுதான் நொண்டுது. வெட்டிடலாம்" என்றார் ஆசிரியர்.

"அது என் காட்சி சார்."

"உன் காட்சி, என் காட்சின்னு என்னம்மா பேச்சு? நாடகம் நல்லா வரணும்ல. விட்டுக்கொடுக்கப் பழகு."

உடுப்பு மாட்டும் அறையில் நீதிபதியைப் பிடித்தாள். "சார்கிட்ட உண்மையைச் சொல்லு."

"என்னன்னு? எனக்கு வசனம் தெரியாதுன்னா?"

"அதையேதான்."

"போடி. ஒரு பக்கத்துக்கு இவ்ளோ குதிக்கிற. நாளைக்கு முழு ஒத்திகை, தலைமை ஆசிரியை வேற வர்றாங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லு, இன்னிக்கு பாதி காதுலயே விழல."

கொசுறாகக் கொடுத்ததில் குறை வேறு கண்டுபிடிக்கிறான்! அவள் அம்மா துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். இலவசமாகக் கொடுத்த பை கிழிந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிறவர்களை வீட்டில் நடித்துக் காட்டுவாள். அதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தவளுக்கு இன்று காது மடல் கொதித்தது.

மறுநாள் திரை விலகியது. முன்வரிசையில் தலைமை ஆசிரியை. நீதிபதி கம்பீரமாக வந்து உட்கார்ந்து, சுத்தியலால் தட்டினான். குமாஸ்தா எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஏய்" என்றான் பல்லிடுக்கில்.

அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

மறுபடி தட்டினான். "அமைதி!" என்று கர்ஜித்தான். ஏற்கெனவே ஊசி விழுந்தால் கேட்கும். பின்வரிசை கொல்லென்று சிரித்தது.

ஆசிரியர் மேடைக்கு ஓடிவந்தார். "என்னடா ஆச்சு?"

"இவ சொல்ல மாட்டேங்கிறா சார்!"

"எதைச் சொல்லணும்?"

அவன் முகம் சுருங்கியது. யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. அவள் எழுந்தாள்.

"இப்ப முதல் காட்சியும் நொண்டுது சார். இதையும் வெட்டிடலாமா?"

"திமிரப் பாரு" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஆசிரியர் தலைமை ஆசிரியையை ஓரக்கண்ணால் பார்த்தார். சட்டென்று பேரத்தில் இறங்கினார்.

"சரிம்மா, உன் காட்சி உனக்கே. கூண்டைத் தூக்கி மேசை பக்கத்துல போட்டுடலாம். அங்கிருந்தே அவனுக்கும் எடுத்துக்கொடு. திருப்திதானே?"

விவரம் தெரிந்த எவரும் கைகுலுக்கிக்கொண்டு கிளம்பியிருக்கும் பேரம். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவன் படிக்கவேண்டும் என்று இந்த மனிதருக்கு இன்னமும் தோன்றவில்லையே!

"கூண்டு இருக்கிற இடத்துலயே இருக்கட்டும் சார். அவன் படிச்சிட்டு வரட்டும்."

"படிக்கலைன்னா?"

"நான் படிச்சிருக்கேன். அவனோடதையும் சேர்த்து."

முன்வரிசையில் தலைமை ஆசிரியை தொண்டையைச் செருமினார். ஆசிரியர் தம் வசனத்தாளை நீதிபதியின் மடியில் விட்டெறிந்தார். "இன்னிக்கு மட்டும் பார்த்துப் படி. நாளைக்கும் இது உன் கையில இருந்தா அங்கியைக் கழட்டிடு. முதல்ல மூணாம் காட்சியையே ஆரம்பிங்க!"

அவள் மேடையைக் கடந்து கூண்டில் ஏறினாள். நீதிபதி எழுத்துக் கூட்டி முதல் கேள்வியைக் கேட்டான். அவனைப் பார்த்துப் பதில் சொல்ல அவளுக்கு நடிப்பே தேவைப்படவில்லை.