தொப்பைப் போலீஸின் ஐந்தாம் பாகம்

ராஜபாளையம் காசிராஜனுக்கு எந்தச் சத்தமும் கேட்காது. ஸ்பெயின் நாட்டுப் பேச்சு மட்டும் கேட்கும். இது 1985-ஆம் வருஷம் தெரியவந்தது. நூற்பாலையில் மெஷின்களுக்கு நடுவே நின்றே அவர் காது பாதி போயிருந்தது. மிச்சம் ஒரே நாளில் போயிற்று. 1985-க்கு ஆறு வருஷத்துக்கு முன்பு, ஏழு வயது மகன் தங்கச்சாமியை அய்யனார் கோயில் ஆற்றுக்குக் குளிக்கக் கூட்டிப் போனார். பையனுக்கு முதுகைக் காட்டி நின்று வேட்டி அலசிக்கொண்டிருந்தபோது, மேற்கே மலையில் பெய்த மழை ஆற்றோடு இறங்கிவந்து பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. வீட்டுக்கு வந்தவரின் சட்டையைப் பிடித்து உலுக்கி, "பிள்ளை கூப்பிட்டிருப்பானே, உங்களுக்குக் கேக்கலியா?" என்றாள் மனைவி சீனியம்மாள். அவர் காதுக்குள் போன கடைசிப் பேச்சு அதுதான். அத்தோடு காது அடைத்துக்கொண்டது.

காரியம் முடிவதற்குள்ளேயே சீனியம்மாளுக்கு அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்போல் ஆகிவிட்டது. வழிதான் இல்லை. இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. கையை ஆட்டியும் தலையை ஆட்டியும் என்னென்னவோ காட்டிப் பார்த்தாள். நெஞ்சைத் தொட்டுக் காட்டினால் அவர் போய்ச் சுக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். வேலைக்குப் போனார், சம்பளத்தைக் கொண்டுவந்து வைத்தார், அவள் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.

1985 புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திருவண்ணாமலை என்கிற குன்றில் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு இறங்கிய புருஷனும் பெண்டாட்டியும், வெயிலுக்கு ஒதுங்க டவுனில் மைதீன் பிச்சை நடத்திவந்த டாக்கீஸுக்குள் போய் உட்கார்ந்தார்கள். சண்டைப் படம் என்று மதுரையில் கேட்டு வாங்கிய படப்பெட்டியில் ஸ்பெயின் படம் ஒன்று வந்திருந்தது. வழுக்கையும் தொப்பையுமாக ஒரு போலீஸ்காரன், திருடனைப் பிடிக்கிறேன் என்று கிளம்பிப் பாதி ஊரை இடித்துப் போடுகிற கதை. அவன் வாயைத் திறந்ததும் காசிராஜன் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏட்டி, கேக்குதுட்டி! பசிக்குதுன்னு சொல்லுதான்!"

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. அடுத்த வரிசைக்காரர், "அண்ணாச்சி, இப்ப என்ன சொல்லுதான்?" என்று சைகையில் கேட்டார். காசிராஜன் சொன்னார். அதன்பிறகு படம் முடியும்வரை ஒவ்வொரு வசனத்துக்கும் சனங்கள் அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் சிரித்தார்கள். மைதீன் பிச்சை அன்றிலிருந்து அவர்கள் இருவருக்கும் டிக்கெட் கேட்பதில்லை. மதுரை டாக்டர் ஒருவர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்து, காது செத்துவிட்டது என்றும், படம் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

ஒரு மாதம் கழித்து ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில், பின்னால் நகர்ந்துவந்த பஸ்ஸுக்குக் குறுக்கே காசிராஜன் நடந்துபோனார். ஆட்கள் கத்தினார்கள். சீனியம்மாளும் கத்தினாள், பயத்தில் அவள் வாயில் வந்தது தொப்பைப் போலீஸ் திருடனை நிற்கச் சொல்லிப் போடுகிற சத்தம்.

"ஆல்ட்டோ!"

எடுத்த காலை அந்தரத்தில் வைத்தபடி காசிராஜன் நின்றார். பஸ் அவர் முன்னால் உரசிக்கொண்டு போனது. அவர் திரும்பி, ஆறு வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

அதற்குப்பின் சீனியம்மாள் படம் பார்க்கப் போகவில்லை, வசனம் பிடிக்கப் போனாள். படம் பாகம் பாகமாக வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு பாகத்தையும் அது ஓடுகிற நாளெல்லாம் பார்த்தாள். எல்லாம் அடிதடி வசனம் என்பதால் வீடும் அதை வைத்தே நடந்தது. பால் பொங்கினால் குண்டு வெடிக்கப் போகிறது என்பாள். பனியனைத் துவைக்கப் போட வேண்டுமென்றால், கையைத் தூக்கு என்று போலீஸ் மிரட்டுகிற "மானோஸ் அர்ரீபா". அவர் கையைத் தூக்குவார், இவள் கழற்றிக்கொள்வாள். பக்கத்து வீட்டுப் பரிபூரணம் முதலில் பேய் பிடித்துவிட்டதென்று பயந்து ஜெபம் பண்ணினாள்.

"ஏட்டி சீனி, என்ன பாஷைட்டி இது?"

"போலீஸ் பாஷைக்கா. அவியளுக்கு இது ஒண்ணுதான் கேக்குது."

"அப்பச் சரி," என்று பரிபூரணம் பருப்புக் கடைய உள்ளே போய்விட்டாள்.

ஆனால் சீனியம்மாளுக்கு வேண்டிய வசனம் வரவில்லை. அவரிடமே கேட்கவும் முடியாது. அவருக்கு அது தமிழாகவே காதில் விழுந்தது, திருப்பிச் சொன்னாலும் தமிழில்தான் வந்தது. இரண்டாம் பாகத்தில் தொப்பைப் போலீஸ் கடலில் விழுந்தான். மூன்றாவதில் கல்யாண வீட்டுக்குள் காரை விட்டான். நான்காவதில் குரங்கோடு சண்டை. எவனும் எவனையும் தேற்றவில்லை. அடுத்த பாகத்தில் வரும் என்று அவள் இருந்தாள்.

ஐந்தாம் பாகம் 1991-இல் வந்தது. அதில் தொப்பைப் போலீஸின் ஒல்லிக் கூட்டாளி காவலுக்கு நிற்கும்போது தூங்கிவிட, திருடர்கள் போலீஸ் காரை வெடி வைத்துத் தகர்த்துவிடுகிறார்கள். ஒல்லிக்காரன் துறைமுகத்தில் உட்கார்ந்து அழுகிறான். தொப்பைப் போலீஸ் அவன் பிடரியில் கை வைத்து ஒரு வரி சொன்னான். சீனியம்மாள் புருஷன் கையைப் பிடித்து அழுத்தினாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"உன் மேல தப்பில்லலேன்னு சொல்லுதான்."

மிச்சப் படத்தை அவள் பார்க்கவில்லை. சிந்திவிடக் கூடாத ஒன்றை வாயில் வைத்திருப்பதுபோல் உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தாள். கூட்டம் கலைந்ததும் எழுந்தவரை இழுத்து உட்காரவைத்து, மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"நோ எஸ் குல்ப்பா தூயா."

"அதான் படத்திலயே சொல்லிட்டானேட்டி," என்றார் காசிராஜன்.

அவள் தரையிலிருந்து ஏழு வயதுப் பிள்ளையின் உயரத்துக்குக் கையை வைத்துக் காட்டி, மறுபடியும் சொன்னாள். அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கீழே யாரோ நிற்பதுபோல் நாற்காலியில் சற்று ஒதுங்கி இடம் விட்டார்.

"எனக்குக் கேக்கலட்டி," என்றார். "கூப்பிட்டிருப்பான். எனக்குக் கேக்கல."

அவள் இன்னொரு தரம் சொன்னாள். அவர் அழுதார். துடைப்பத்தோடு வந்த ஆள் அந்த வரிசையை விட்டுவிட்டு அடுத்த வரிசையைக் கூட்டினான். மைதீன் பிச்சை அடுத்த காட்சிக்கு மணி அடிப்பதைச் செத்த நேரம் தள்ளிவைத்தார்.

காது ஒன்றும் திறந்துகொள்ளவில்லை. மழையோ மேளமோ கடைசிவரை அவருக்குக் கேட்கவில்லை. தெருவும் பழகிவிட்டது, பால்காரர் முதல் கண்டக்டர் வரை அவரை நிறுத்த வேண்டுமென்றால் ஆல்ட்டோ என்றே கூப்பிட்டார்கள். 1994-இல் ஆறாம் பாகம் வந்தது. இருவரும் போனார்கள். சீனியம்மாள் அன்று எந்த வசனத்தையும் பிடித்துவைக்கவில்லை. தொப்பைப் போலீஸ் பன்றிக் கூட்டத்துக்கு நடுவே விழுந்து எதையோ கத்த, அவன் சொன்னதைக் காசிராஜன் அவள் காதோரம் சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பக்கத்து ஆட்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.