மற்றும் குழுவினர்

"குழுவினர்னு போட்டிருக்கே, மொத்தம் எத்தனை பேருக்கா?" என்று கேட்டாள் அச்சகத்தில் டிசைன் போடும் பெண். பழைய கார்டைக் கணினித் திரையின் மேல் சாய்த்து வைத்திருந்தாள்.

"ஒருத்தி" என்றாள் புதுக் கார்டு அடிக்க வந்தவள்.

டிசைன் பெண் சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை. கார்டின் நடுவில் அவள் புருஷன் புரொபசர் நின்றார். கறுப்புக் கோட்டு, முறுக்கிய மீசை, கையில் ரம்பம். பத்தாம் வகுப்பைத் தாண்டாத அவரை எல்லோரும் புரொபசர் என்றுதான் கூப்பிட்டார்கள். மேஜிக்காரருக்கு அந்தப் பட்டத்தை யாரும் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை, கோட்டு தைத்தால் கூடவே வந்துவிடும். அவர் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் 'மற்றும் குழுவினர்'. அந்தக் குழுவினர்தான் புறாக்களுக்குத் தீனி வைத்தார்கள், கோட்டுக்கு இஸ்திரி போட்டார்கள், மேடையேறியதும் ஜிகினாச் சட்டையில் சிரித்துக்கொண்டே பெட்டிக்குள் படுத்து இரண்டு துண்டானார்கள். வீட்டுக்கு வந்து உலை வைத்ததும் குழுவினரே. படத்தில் பெட்டியின் ஒரு முனையில் அவள் தலை தெரிந்தது. மறுமுனையில் தெரிந்த கால்கள் அவளுடையவை அல்ல. அதற்கு மேல் சொன்னால் தொழில் துரோகம்.

புரொபசர் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்தியபடி. வெளியே எடுத்தால் அது ஆடும். மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர், நடுக்கம் இனி கூடத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டார். போன வருடம் ஒரு பள்ளிக்கூட விழாவில் விரலிடுக்கிலிருந்து நாணயம் நழுவி மேடையில் உருண்டது. பிள்ளைகள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். மறுபடி நழுவியபோது சிரிப்பு நின்றுவிட்டது. பெட்டிக்குள் படுத்திருந்த அவளுக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை. மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்தாள், நாணயத்தை எடுத்தாள், ஆட்டத்தை முடித்தாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அன்றிலிருந்து எல்லா ஆட்டமும் அவளுடையதுதான். ஆனாலும் போன் எடுத்தால் முதல் கேள்வி, "சார் இருக்காரா?"

"உங்க பேருக்கு முன்னாடி திருமதின்னு போடட்டுமாக்கா?"

"வேணாம். பேரு மட்டும். பெருசா. கீழ மேஜிக் நிபுணர்னு போடு."

"சார் போட்டோ?"

அவள் பதில் சொல்வதற்குள் பெஞ்சிலிருந்து குரல் வந்தது. மண்டபத்தின் கடைசி வரிசை வரை எட்டும் மேடைக் குரல் இல்லை அது. "ஓரமா, ஸ்டாம்ப் சைஸ்ல போட்டாக்கூடப் போதும்."

போட்டுத் தொலையேன், என்ன குறைந்துவிடப் போகிறது என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அதன் பேச்சைக் கேட்டுத்தான் இத்தனை வருடமும் கால் மரத்துப்போகப் படுத்துக் கிடந்தாள். இன்று இரக்கப்பட்டால் இந்தக் கார்டும் ஒரு பெட்டிதான். அவர்மேல் அவளுக்குப் பாசம் இருந்தது, கோபமும் இருந்தது. ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

சொல்லி வைத்த மாதிரி போன் அடித்தது. நிகழ்ச்சி பிடித்துத் தரும் ஏஜென்ட். கார்டுக்குப் படம் தேடி இரண்டு கையும் பழைய ஆல்பத்தில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"பெரிய கம்பெனி, ஃபேமிலி டே ஃபங்ஷன்மா. கார்டு அடிக்கறீங்களாமே? சார் மூஞ்சி கட்டாயம் இருக்கட்டும். யானை படுத்தாலும் குதிரை மட்டம். சார் சும்மா கோட்டு போட்டுட்டு நின்னா போதும், மத்ததை நீங்க பாத்துக்கங்க."

"யானை படுத்தே இருக்கட்டும். வேலை செய்யறது நான்தானே? என் மூஞ்சிதான் போகும்."

"லேடீஸ் போட்டோ போட்டா டான்ஸ் ப்ரோகிராம்னு நெனச்சுப்பாங்கம்மா. அந்தக் கார்டை நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்."

"குடுக்காதீங்க. எனக்குக் கையிருக்கு, காலிருக்கு. நானே போய்க் குடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வருடத்தில் பாதி நிகழ்ச்சி அந்த ஆள் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

புரொபசர் எழுந்துவிட்டார். "எல்லாம் நான் கத்துக் குடுத்தது."

"இல்லேன்னு சொன்னேனா? கத்துக்கிட்டது யாரு?"

அவர் தெருவில் இறங்கி நடந்தார். கை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டே போனது. அவள் கூப்பிடவில்லை.

டிசைன் பெண் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். எல்லாப் படத்திலும் அவள் பெட்டிக்குள் இருந்தாள், இல்லாவிட்டால் அவர் முழங்கைக்குப் பின்னால் பாதியாக. "புதுசா ஒண்ணு எடுத்துட்டு வாங்கக்கா. ரம்பம் உங்க கையில இருக்கட்டும். கொஞ்சம் சிரிச்ச மாதிரி."

வீட்டுக்கு வந்தபோது புரொபசர் கூடத்தில் பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தார். மூடி திறந்திருந்தது.

"போட்டோ எடுக்கணும். பெட்டி வேணும்" என்றாள்.

"வெறும் பெட்டியவா அறுக்கப் போற?"

அவள் ரம்பத்தின் உறையைக் கழற்றினாள். அவர் பலகையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தார். நல்லவேளை, ஒல்லி உடம்பு. முழங்கால் மடங்கும்போது மளுக்கென்றது. படுத்து, தலையை ஓட்டைக்கு வெளியே நீட்டி, மேல்கூரையைப் பார்த்தார்.

"இவ்வளவு புழுக்கமா இருக்குமா இதுக்குள்ள?"

"நீங்க கேட்டதே இல்லையே."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "மூடு. உள்ள இருந்தா கை ஆடறது யாருக்கும் தெரியாது."

அவள் மூடியைப் போட்டுக் கொக்கியை மாட்டினாள். போனைத் தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து டைமரை வைத்தாள்.

"கார்டுல... மற்றும் குழுவினர்னு போடுவியா?" என்றார் ஓட்டைக்கு வெளியே இருந்த தலை.

"போடறேன். பொடி எழுத்துல."

போனின் விளக்கு மினுக்க ஆரம்பித்தது. அவள் ஓடி வந்து ரம்பத்தைப் பெட்டியின் நடுப்பள்ளத்தில் வைத்தாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் அவளிடம் 'சிரி' என்று சொல்வது நினைவுக்கு வந்தது. "சிரிங்க" என்றாள்.

அவர் பல்லைக் காட்டினார். உள்ளே அவர் விரல்கள் பலகையில் டக்டக்கென்று இடைவிடாமல் தட்டிக்கொண்டிருந்தன. அந்த அதிர்வு ரம்பத்தின் வழியாக ஏறி அவள் உள்ளங்கைக்கு வந்தது. அவள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். சிரிக்காமல், விளக்கை நேராகப் பார்த்து நின்றாள்.