சாரிக்கு ஓர் உதாரணம்

ஆங்கிலம்-தமிழ் அகராதி தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் அவருக்கு 'வேர்க்காரர்' என்று பெயர். எந்த ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தாலும் அதன் பிறப்பு வளர்ப்பைத் தோண்டாமல் விடமாட்டார். அங்கே ஒரு விதி உண்டு. உதாரண வாக்கியத்தை யாரும் கற்பனையாக எழுதக் கூடாது. யாராவது நிஜமாகவே பேசிக் காதில் விழுந்திருக்க வேண்டும். அதற்காகவே அவர் சட்டைப் பையில் எப்போதும் வெற்று அட்டைகள் இருக்கும்.

இந்த முறை அவர் தலையில் விழுந்தது 'சாரி'. நாம் நாள் முழுக்க வாரி இறைக்கிறோமே, அந்த மன்னிப்பு சாரிதான். அதன் வேர் 'வலி'. ஆதியில் அதற்கு 'மனம் நொந்த' என்று பொருள். இன்றோ இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போகிறவனும் சாரி என்கிறான், காதில் சரியாக விழாதவரும் 'சாரி?' என்கிறார், துக்கம் விசாரிக்க வந்தவரும் அதையே சொல்கிறார். இதற்கெல்லாம் பஸ்ஸிலேயே உதாரணம் கிடைத்துவிட்டது. மனம் நொந்து கேட்ட சாரிதான் ஒன்றுகூடச் சிக்கவில்லை.

வீட்டிலோ மனைவி அவரோடு பேசுவதையே நிறுத்தியிருந்தாள். வங்கியில் பதவி உயர்வு கிடைத்து, வெளியூருக்குப் போகிறவள். பாராட்டு விழாவில் அவள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது இந்த மனுஷர் எழுந்து, "அந்த வார்த்தைக்கு அது அர்த்தமில்லம்மா" என்று திருத்தினார். கூட்டமே சிரித்தது. அன்றிலிருந்து பேச்சுவார்த்தையெல்லாம் மகள் மூலம்தான்.

"உங்கப்பாவ மோட்டார நிறுத்தச் சொல்லுடி."

மகளுக்கு அலுத்துவிட்டது. "ஒரு சாரி சொல்லித் தொலைங்களேன்ப்பா. நாளைக்குக் காலையில அம்மா ரயில் ஏறிடுவாங்க."

அவருக்கும் அதே கவலைதான். பேசாமலே போய்விட்டால் இவள் இல்லாத வீட்டில் எப்படி இருப்பது? பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் போய் நின்றார்.

"சாரிம்மா. அன்னிக்கு உன்னோட நாள். நான் கெடுத்துட்டேன்."

சத்தியமாக மனம் நொந்துதான் சொன்னார். அவள் நிமிர்ந்து பார்த்தாள், கண் கலங்கியிருந்தது.

பாழாய்ப்போன கை அந்த நேரம் பார்த்துத்தானா சட்டைப் பைக்குப் போக வேண்டும்? அட்டையை எடுத்து எழுதவும் தொடங்கிவிட்டார்.

"என்ன எழுதுறீங்க?"

"இல்ல... மறந்துடுமேன்னு..."

"மறந்துடுமா? என்கிட்ட சாரி கேட்டது உங்களுக்கு மறந்துடுமா?"

அவ்வளவுதான். தங்கள் கல்யாணத்தன்று மண்டபத்தில் அவள் மாமாவின் வாழ்த்துரையைத் திருத்தியதில் ஆரம்பித்து வெளுத்து வாங்கினாள். மறுநாள் ரயில் நிலையம் வரைக்கும் அர்ச்சனை ஓயவில்லை. மகளிடம் சொல்லி அனுப்பாமல், நேராக அவர் முகத்தைப் பார்த்தே திட்டினாள். அவருக்கு அதைக் கேட்கக் கேட்கப் போன உயிர் திரும்பி வந்தது.

ரயில் நகர்ந்தது. "மிச்சத்தைப் போன்ல சொல்றேன். எடுக்காம இருந்து பாருங்க!" என்று ஜன்னல் வழியே கத்தினாள்.

அலுவலகத்தில் தலைமைப் பதிப்பாசிரியர் கேட்டார். "மனசார சொன்ன சாரி ஒண்ணுகூடவா கிடைக்கல?"

"கிடைச்சுது சார்."

"அப்ப அட்டையக் குடுங்க."

"தர மாட்டேன் சார். அது அவளுக்குச் சொன்னது."