மூன்றாம் குழுவில் அண்ணன்

மூன்றாம் குழுவின் பட்டியலைக் கடைசியாக ஒருமுறை உருட்டிக்கொண்டு வந்தபோது அண்ணனின் அட்டை எண்ணைப் பார்த்துவிட்டாள். பட்டியலில் பெயர் கிடையாது, வெறும் எண்தான். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் அவனைத் தரதரவென்று இழுத்துவந்து, இதே ஆஸ்பத்திரியில் அந்த அட்டையை நிரப்பிக் கொடுத்ததே அவள்தான். மறக்குமா?

சிறுநீரகப் பிரிவில் அவளைக் கணக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆயிரத்து எண்ணூறு நோயாளிகளின் ரத்தப் பரிசோதனைகளைக் கம்ப்யூட்டரில் போட்டு, யாருக்குச் சிறுநீரகம் வேகமாகக் கெடுகிறது, யாருக்கு மெதுவாக என்று நான்கு குழுவாகப் பிரித்திருந்தாள். முதல் குழு மாதாமாதம் டாக்டரைப் பார்க்க வேண்டும். மூன்றாம் குழு சமர்த்துப் பிள்ளைகள். வருடத்துக்கு ஒருமுறை வந்தால் போதும். எட்டு மாத வேலை. நாளைக் காலைக் கூட்டத்தில் பெரிய டாக்டர் அதைக் காட்டப்போகிறார், அதன் பிறகு எல்லாம் அதன்படிதான்.

அண்ணன் எந்த ஊர்ச் சமர்த்துப் பிள்ளை? கால் வீங்கி, செருப்பு நுழையாமல் அவன் திண்டாடியதைப் போன மாதம்தான் பார்த்தாள். பஸ் ஓட்டுகிறவன். “ரிப்போர்ட் மோசமா வந்தா ஸ்டியரிங்கைப் பிடுங்கிடுவாங்க” என்று பரிசோதனைக்கே டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் வரியைத் திறந்தாள். பத்துத் தடவையில் வந்தது மூன்று. மீதி ஏழு கட்டங்களிலும் ஒரே எண். அது அவன் ரத்தம் சொன்ன எண் இல்லை. காலிக் கட்டம் இருந்தால் கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்கிறது என்று, வராதவர்களின் கட்டத்தில் எல்லோருடைய சராசரியையும் போட்டுப் பூசி மெழுகச் சொன்னது சாட்சாத் அவளேதான். ஏறாமல் இறங்காமல் ஏழு சராசரி. ஆள் கல்லுக்குண்டு மாதிரி தெரியாமல் என்ன செய்வான்? படித்த முட்டாள் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

காலிக் கட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும் வேறொரு முறையில், நிரப்பாமல் கணக்கை மறுபடி ஓட்டினாள். எத்தனை தடவை வரவில்லை என்பதையும் ஒரு விவரமாகச் சேர்த்தாள். சாப்பாட்டு வேளை தாண்டி முடிவு வந்தது. ஐந்தாவதாக ஒரு குழு, அண்ணனையும் சேர்த்து இருநூற்றுப் பதிமூன்று பேர். எப்போதாவதுதான் வருகிறார்கள், ஒவ்வொரு முறையும் முன்னைவிட மோசமாக வருகிறார்கள்.

“நாலுன்னு அச்சடிச்சாச்சும்மா,” என்றார் பெரிய டாக்டர், பார்த்துக்கொண்டிருந்த தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். “இப்ப வந்து அஞ்சுங்கற.”

“தப்பு என்னோடதுதான் சார். ஆனா வராதவங்கதான் சார் ரொம்ப மோசமா இருக்காங்க. அவங்களைப் போய் வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்னு சொல்லப்போறோம்.”

“வராதவனுக்கு நான் எப்படிம்மா வைத்தியம் பார்க்கறது? சரி, முப்பது பேருக்குப் போன் போட்டுப் பாரு. பாதிப் பேர் வர்றேன்னு சொன்னா அஞ்சாக்கறேன். இல்லன்னா என் உயிரை வாங்காதே.”

சுவரோடு பேசியிருக்கலாம். வயிற்றெரிச்சலோடு ஆஸ்பத்திரி போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பல எண்கள் செத்துக்கிடந்தன. ஒருவர், நல்லா இருக்கறவனை நோயாளி ஆக்காதீங்க என்று எரிந்து விழுந்தார். ஓர் அம்மா, “அவரு போய் ஒரு மாசம் ஆகுதும்மா” என்றாள், கோபமே இல்லாமல். இவளுக்கு அடுத்த எண்ணை அழுத்தக் கை வரவில்லை. அழுத்தினாள். இருபத்தொன்பது பேர் முடிந்தபோது வருகிறேன் என்றவர்கள் பதினான்கு. இன்னும் ஒருவர் போதும். அண்ணனைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

“வணக்கம், ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறோம்…” சொல்லிச் சொல்லிப் பழகிய பாட்டே வாயில் வந்தது.

பின்னால் பஸ் நிலையத்தின் இரைச்சல். அவள் முடிப்பதற்குள் அண்ணனின் குரல், அவள் இதுவரை கேட்டேயிராத பவ்யத்துடன் வந்தது. “அவரு இல்லீங்களே மேடம். வெளியூர் போயிருக்காரு. வர ரெண்டு மாசம் ஆகும்.”

அண்ணா என்று கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் காதில் துணி உரசும் சத்தம்.

அவன் போனை அணைக்காமலே சட்டைப் பையில் போட்டுவிட்டான் போலிருக்கிறது. “யாருண்ணே?” என்றது ஒரு குரல், கண்டக்டராக இருக்கும். “ராங் நம்பர்ப்பா. ஏறுங்க, ஏறுங்க, உள்ள எடம் இருக்கு.” யாரோ சிரித்தார்கள். ஓட்டுநர் இருக்கைக்கு ஏறுவதற்குள் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது, படிக்குப் படி. இன்ஜின் உறுமி அதை மூடும்வரை ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.