கேட்காமல் போனவர்கள்

ஹெஸ்டர் லவ்லாக் அந்தக் காகிதத்தை மூன்றாம் முறையாகப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் போட்டாள்.

"கிளெமென்ட், இது என்ன எழுதி வச்சிருக்கீங்க?"

எதிரே உட்கார்ந்திருந்த கிளெமென்ட் டஃப்னல் நிமிர்ந்து உட்கார்ந்தார். வில்ட்ஷயர் மாவட்டத்தில் பாதி வீட்டுப் பியானோக்களுக்குச் சுருதி சேர்த்து ஓய்வு பெற்றவர். பொய் சொல்லத் தெரியாதவர். ஹெஸ்டருக்கு இப்போது அதுதான் வயிற்றெரிச்சல்.

"கேட்டதுக்குப் பதில் எழுதியிருக்கேன்."

'அப்பாதையில் செல்ல யாரேனும் உங்களுக்கு அனுமதி அளித்தார்களா?' என்பது கேள்வி. 'ஆம், மிகுந்த அன்போடு' என்று அழகான கையெழுத்தில் பதில்.

மாலோ பாதை ஒன்றரை மைல் நீளம். இரண்டு பக்கமும் வேலிச்செடி, நடுவே சரளையும் புல்லும். தடித்த டயர் போட்ட சைக்கிளுக்கென்றே யாரோ செய்து வைத்தது போல இருக்கும். சைக்கிள் மன்றத்துக்காக ஹெஸ்டர் வகுத்த முப்பத்தெட்டு மைல் சுற்றுக்கு அதுதான் முடிச்சு. பிப்ரவரியில், பாதை ஓடும் பண்ணையைப் புதிதாக வாங்கியவர் வந்து கேட்டுக்குப் பூட்டுப் போட்டார். பாதை போனால் லாரி ஓடும் பெரிய சாலைதான் வழி. போன மாதம் அந்தச் சாலையில் ஒரு லாரி உரசிக்கொண்டு போன காற்றிலேயே மன்றத்து ஆட்ரி பள்ளத்தில் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டாள். இன்னொருத்திக்கு எலும்போடு போகுமென்று என்ன நிச்சயம்?

கவுன்சிலில் கேட்டதற்குத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். இருபது வருஷம் ஜனங்கள் பகிரங்கமாக, சண்டை சச்சரவு இல்லாமல், யாரிடமும் அனுமதி வாங்காமல் போய் வந்திருந்தால் அது பொதுப்பாதை. அனுமதி வாங்கிப் போனது செல்லாது. சாட்சிப் படிவங்கள் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும்.

"அனுமதி கேட்டீங்களா? எப்போ?"

"இருபத்தி மூணு வருஷத்துக்கு முன்னாடி, மன்றம் ஆரம்பிச்ச வருஷமே. அந்த ராய்ஸ்டன் கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போயி, ஆடெல்லாம் வெளிய போச்சே, ஞாபகம் இருக்கா? நீங்க அவனை மன்றத்தை விட்டே நீக்குனீங்க. எனக்கு மனசு கேக்கல. அந்தக் குளிர்காலத்துலேயே, பண்ணையை அப்போ வச்சிருந்த பெரியவர் ஸ்ட்ரிக்லண்ட் வீட்டுக்குப் போயி, மன்னிப்புக் கேட்டு, அப்படியே அனுமதியும் கேட்டுட்டு வந்தேன்."

"ஏன் கேட்டீங்க?"

"கேக்காம எப்படிங்க போறது? அடுத்தவங்க நிலமாச்சே!"

பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த கடிதம் வெளியே வந்தது. 'நீங்களும் உங்கள் மன்றத்தாரும் தாராளமாகப் போய் வரலாம். ஜாம் மிக ருசி. ஸ்ட்ரிக்லண்ட்.' மன்றத்தார் மொத்தப் பேருக்கும் சேர்த்து ஒரே வரியில் குழி.

"ஜாம் வேற குடுத்தீங்களா?"

"வருஷா வருஷம், அவர் சாகிற வரைக்கும்."

ஹெஸ்டர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள். ஆறிப்போன தேநீரைக் குடித்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள்.

"இந்த ஒரு கேள்வியை மட்டும் காலியா விட்டுட்டா…"

"கீழே உண்மைன்னு கையெழுத்துப் போடணுமே, ஹெஸ்டர்."

அவளாலும் முடியாதுதான். முடியாது என்று தெரிந்துதான் அத்தனை கோபமும் வந்தது. மன்றத்தில் முப்பத்தோரு பேர். ஒவ்வொருவரும் குதிரையைக் கண்டால் இறங்கி நிற்பவர்கள், குப்பையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருபவர்கள். அவ்வளவு பேரும் இப்போது உபயோகமில்லை. அப்படியானால் அந்தப் பாதையில் கேட்காமல் போனது யார்?

விடை தெரிந்ததும் அவளுக்குப் பல்லெல்லாம் கூசியது.

மறுநாள் ஞாயிறு. 'வாத்தும் வாளியும்' பப்பின் பின்முற்றத்தில் ஆறு சேறு படிந்த சைக்கிள்கள் சாய்ந்து கிடந்தன. மன்றத்தின் முதல் வருஷத்திலேயே, அந்தக் கடிதம் வரும் முன்பே, ஹெஸ்டர் தன் கையாலேயே நீக்கிய ஆறு பேரும் அங்கே பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். குதிரை எதிரே வந்தாலும் சைக்கிள் மணி அடிக்காத டோரீன், வாழைப்பழத் தோலை வேலியில் எறிகிற ஆள், இன்னும் மூன்று பேர். நடுவில் ராய்ஸ்டன்.

"அடடே, தலைவி! எல்லாரும் நேரா உக்காருங்கடா, பேரை எழுதிக்கப் போறாங்க."

"ராய்ஸ்டன், மாலோ பாதையில இன்னும் போயிட்டு இருந்தீங்களா?"

"பூட்டுப் போடுற வரைக்கும், நாங்க ஆறு பேரும், ஒரு ஞாயிறு விடாம. ஏன், அதுக்கும் நீக்கப் போறீங்களா?"

"யாராவது உங்களுக்கு அனுமதி குடுத்தாங்களா?"

"எனக்கா? எங்கம்மாவே எனக்கு எதுக்கும் அனுமதி குடுத்ததில்ல!"

டோரீனுக்குப் பீர் மூக்கில் ஏறிவிட்டது.

"பெரியவர் ஸ்ட்ரிக்லண்ட் போகாதேன்னு சொன்னாரா?"

"எங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. சொல்ல வேண்டியதை நாய்கிட்ட சொல்லிட்டு இருப்பாரு."

ஹெஸ்டர் ஆறு படிவங்களை மேஜையில் வைத்து விஷயத்தைச் சொன்னாள். யாரும் கை வைக்கவில்லை.

"எங்க பேரை எல்லாம் நோட்டீஸ் போர்டுல ஒட்டுனீங்களே, அது?" என்றான் ராய்ஸ்டன்.

"ஒட்டினது தப்பு." ஹெஸ்டர் பேனாவை எடுத்துப் படிவங்களின் மேல் வைத்தாள். "கேட்டைத் திறந்து போட்டதும் தப்புதான்."

"ரெண்டாவதை யாரும் கேக்கல." அவன் பேனாவுக்குக் கை நீட்டினான். "பாதை திறந்தா முதல் ஞாயித்துக்கிழமை நாங்க ஆறு பேரும் முன்னாடி. நீங்களும் உங்க மரியாதைக்காரங்களும் பின்னாடி. சரியா?"

"சரி."

"தயவு செஞ்சுன்னு ஒரு வார்த்தை?"

"தயவு செஞ்சு எழுதித் தொலைங்க!"

அந்த ஆறு படிவங்களையும் கவுன்சில் ஏற்று, பூட்டு கழன்று விழ ஒன்றரை வருஷம் ஆனது. அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வெயிலும் வந்திருந்தது. ஆட்ரி தோள் சரியாகி, புதுக் கையுறை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கிளெமென்டைத்தான் காணவில்லை. பார்த்தால், பண்ணை வீட்டு வாசலில் ஜாம் பாட்டிலோடு நிற்கிறார்.

"திரும்பவும் அனுமதியா?" என்று கத்தினாள் ஹெஸ்டர்.

"இல்லைங்க! நன்றி சொல்ல."

"பூட்டும் போட்டு, கோர்ட்டுக்குப் போவேன்னும் மிரட்டுனவருக்கா?"

"போகலையே, அதுக்குத்தான்."

அவள் பெடலை மிதித்தாள். ஆறு பேரும் ஓவென்று கூச்சல் போட்டுக்கொண்டு முன்னே பறந்தார்கள். மன்றத்தார் மணியடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். ஆட்ரி சரளை மேல் தாராளமாக வளைந்து வளைந்து ஓட்டினாள். எந்த லாரியும் இல்லை.

ஹெஸ்டர் கடைசியாக வந்தாள். கேட் அகலத் திறந்து கிடந்தது. பக்கத்து வயலில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் எல்லாம் தலையைத் தூக்கி அதையே பார்த்தன.

"தலைவி, வாறீங்களா இல்லையா?" வளைவுக்கு அப்பாலிருந்து ராய்ஸ்டனின் குரல்.

வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். வலிக்கிற முழங்காலோடு இறங்கி, கேட்டை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சொல்ல வேண்டியதை எல்லாம் ஆடுகளிடம் சொல்லிவிட்டு, சைக்கிளில் ஏறினாள்.