வலது காது

மயில்சாமி துண்டுக்குள்ளிருந்து குவார்ட்டர் பாட்டிலை எடுத்து, இறந்து கிடந்த குருசாமியின் தலைமாட்டில் வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்தார். போகிறவருக்குப் பிடித்ததை வைத்து அனுப்புவது வழக்கம்தான். மகள் நதியா அதை உடனே எடுத்துவிட்டாள்.

"எங்கய்யாவுக்கு இது வேணாம் சார்."

"இருக்கட்டும் கண்ணு. பாசத்துல வாங்கியாந்தனுங்க. மனுசனுக்கு இருந்ததே அந்த ஒரு பழக்கந்தானுங்க."

"அவுக ஒரு சொட்டு தொட்டதில்ல."

மயில்சாமி நம்பவில்லை. குருசாமி குடிப்பது வீரபாண்டி பனியன் கம்பெனிக்கே தெரிந்த சங்கதி ஆயிற்றே. காலை ஷிப்டிலேயே தள்ளாடுகிறார் என்று மூன்று வருடம் முன்பு குருசாமியைக் கட்டிங் மேசையிலிருந்து இறக்கி, நூல் பிசிறு வெட்ட உட்காரவைத்ததே இந்தச் சூப்பர்வைசர் மயில்சாமிதான்.

நதியா உள்ளே போய் பீரோவிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தாள். ரேஷன் கார்டுக்குக்கூட இல்லாத மரியாதையாக, குருசாமி அதை லேமினேஷன் செய்து வைத்திருந்தார்.

"போன தையில அந்தத் தள்ளாட்டத்துக்கு டெஸ்ட் எடுத்தோம். நாந்தான் கூடப் போனேன். கேமரா வச்ச கண்ணாடிய மாட்டி, காதுல வெதுவெதுன்னு தண்ணி விட்டாக. இடது காதுல விட்டதும் கண்ணு தன்னால ஓடுச்சு. வலது காதுல விட்டா அசையவே இல்ல. நெலையா நிக்கவைக்கிற நரம்பு அந்தப் பக்கம் செத்துப்போச்சாம். நெஞ்சுவலி வந்து நேத்து போற வரைக்கும் செவுத்தப் புடிச்சுத்தான் நடந்தாக."

மயில்சாமி தாளிலிருந்த கோடுகளைப் பார்த்தார். ஒன்று ஏறி இறங்கியது. இன்னொன்று நூல் பிடித்தாற்போல் நேராகக் கிடந்தது.

"ஏங் கண்ணு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல?"

"நானும் சொன்னேன் சார். 'வாய மோந்து பாக்காம முடிவு பண்ணுனவுகளுக்கு நான் ஏன் தாளக் காட்டணும்'னுட்டாக."

அதைச் சொல்லும்போது நதியாவின் குரலில் அழுகையைவிடப் பெருமைதான் இருந்தது. அதுதான் அவள் அய்யா.

மயில்சாமி அவள் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டு போய் வாசல் சாக்கடையில் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்தார். குழாயடியில் கையைக் கழுவினார். திரும்பி வந்து தாளைத் துண்டால் துடைத்து, பாட்டில் இருந்த இடத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்.

பாடையைத் தூக்கும் நேரத்தில் முன்னால் வந்தார்.

"வலப்பக்கம் எனக்கு உடுங்க."

மழையில் அரித்துப்போன சந்து அது. நதியா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பாடை எந்தப் பக்கமும் சாயாமல் முனை திரும்பியது.