பெயரை மட்டும் மாற்றிய கதை

‘லோகேஸ்வரி, ஐம்பது வயது, காப்பார் கோயிலுக்கு எதிரே வடை சுடுபவர், ஒரு மகள், இடது புருவத்தில் பழைய தழும்பு.’ டாக்டர் மீனலோசனி வாழ்நாளில் எழுதிய முதல் சிறுகதை இப்படித்தான் தொடங்கியது. கிள்ளானில் முப்பது வருடம் அறுவை சிகிச்சை செய்த கை, ஓய்வு பெற்று பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் உட்கார்ந்ததும் கத்தியை விட்டுப் பேனாவைப் பிடித்துக்கொண்டது. அனுப்பிய கதையை வரும் ஞாயிறு போடுகிறோம் என்று பத்திரிகையிலிருந்து பதில் வந்ததும், அறுபத்திரண்டு வயதில் கால் தரையில் நிற்கவில்லை அவருக்கு.

கணவர் கேதீஸ்வரன் தேநீரோடு படிக்க உட்கார்ந்தார்.

“மீனா, இது கதையா, டிஸ்சார்ஜ் சம்மரியா?” சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பியவர், பாதியில் சிரிப்பை நிறுத்தினார். “இந்த அக்காகிட்ட நான் வடை வாங்கித் தின்னிருக்கேன் லா. இவங்களுக்கா கேன்சர் ஆப்பரேஷன்?”

“பேரை மாத்திட்டேனே.”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்க.”

மீனலோசனிக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டர்கள் கூடிப் பேசும்போது நோயாளியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள்; வயது, தொழில், தழும்பு என்று மற்ற எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்வார்கள். அந்தப் பழக்கத்திலேயே கதையும் எழுதியாகிவிட்டது. உண்மையில் அந்த அம்மாள் வீரம்மா. பத்து வருடம் முன்பு, மகள் தாமரைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த சமயம். ஈப்போவில் திருவிழாவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்து ஒரு மார்பை அகற்றிக்கொண்டு போனவர். “பிள்ளைக்குத் தெரியவே கூடாது டாக்டர்” என்று கையைப் பிடித்துக் கேட்டதும், இவர் சரி என்றதும்கூடக் கதையில் இருந்தன. தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை காப்பாருக்குக் காரை ஓட்டினார். ஞாயிறைக் கைவிட மனம் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒருவேளை வீரம்மா சம்மதித்துவிட்டால்?

வடைக்கடையில் கூட்டம் கலையும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் முழுக்கதையையும் படித்தார். வீரம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு டாக்டர். நீங்கதான் இல்ல.”

“நான் எதுக்கு? இது உங்க கதை.”

“தியேட்டருக்குள்ள தள்ளிட்டுப் போறதுக்கு முன்ன என் முடி தொப்பிக்குள்ள அடங்கல. நர்ஸ் மிஸ்ஸி திட்டுனாங்க. நீங்கதான் கட்டில்ல உக்காந்து ரெட்டைப் பின்னல் போட்டு விட்டீங்க. ஞாபகம் இல்ல?”

இல்லை. நோயாளியின் கோப்பில் எழுத வேண்டிய விஷயமல்ல அது. எழுதாததை மனமும் வைத்துக்கொள்ளவில்லை போலும்.

“எங்கம்மாவுக்கு அப்புறம் எனக்கு யாரும் பின்னுனதில்ல. அன்னிக்குத்தான் பயம் போச்சு.” வீரம்மா காகிதங்களை மடித்து இவர் கையிலேயே திணித்தார். “இது வேணாம் டாக்டர். மருமகன் வீடு அடுத்த சந்துல, அந்த லோரோங்லதான். அந்தப் பின்னுன டாக்டர எழுதுங்க. வடைக்காரியெல்லாம் வேணாம், வேற யாரையாச்சும் வைங்க. அந்த டாக்டர இங்க யாருக்குத் தெரியும்?”

மீனலோசனிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அங்கிருந்தே பத்திரிகைக்குப் போன் செய்து, கதை வேண்டாம் என்றார். “வேற ஒண்ணு தரேன். கொஞ்சம் நாளாகும்.” சொன்ன பிறகு நெஞ்சு வலித்தது, ஆனாலும் லேசாக இருந்தது. வீரம்மா காசு வாங்காமல் நான்கு வடையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் சிவப்பு விளக்கில் கார் நின்றது. நடுவகிடு எடுத்திருப்போமா? ரிப்பன் ஏது அங்கே, காயம் சுற்றும் துணிப்பட்டையால் கட்டியிருப்போமோ? ஸ்டியரிங்கை விட்ட விரல்கள் காற்றில் மூன்று கால் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தன. எண்ணெய்ப் பிசுக்கு, ஈர முடியின் கனம், கைக்குக் கீழே ஒரு கழுத்தின் நடுக்கம். ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. விளக்கு பச்சைக்கு மாறியிருந்தது. பின்னால் நின்ற லோரிக்காரன் ஹார்னை அழுத்தினான். மீனலோசனி இன்னும் நுனிவரை பின்னி முடிக்கவில்லை.